புனிதருக்கு ரிவர்ஸ் இல்லை

ஒரோன்சோவுக்குத் தோள் இருந்தது. ஆனால் அது இருக்க வேண்டிய உயரத்தில் இல்லை.

கம்போசால்தோ ஊரில் புனித எலீஜியோவின் சப்பரம் தூக்குகிற சபைக்கென்று ஒரு கூடம் உண்டு. அதன் சுவரில் ஆள் தோள் மட்டத்துக்கு ஓர் ஒலிவமரப் பலகையைக் குறுக்காக அடித்து வைத்திருக்கிறார்கள். வயசுக்கு வந்த பையன் சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வேண்டும். தோள் பலகையைத் தொட்டால் அவன் தூக்கி. சிவப்புத் தோள்சால்வை அவனுக்கு. தொடாவிட்டால் முட்டுக்கம்பு. சப்பரம் நிற்கிற இடத்தில் அண்டை கொடுக்கிற அந்தக் கவட்டைக் கம்பைச் சுமந்துகொண்டு பக்கத்திலேயே நடக்கலாம், போட்டோவில் ஓரமாக விழலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஒரோன்சோவின் தோள் பலகைக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. அப்பா தூக்கி, அப்பாவுக்கு அப்பாவும் தூக்கி. இவன் ஷூவுக்குள் அட்டையை மடித்து வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். மறுவருஷமும் போனான். வளர்ந்திருப்பானோ என்று அவர்களும் மரியாதைக்கு அளந்து பார்த்தார்கள். பிறகு கம்பைக் கையில் கொடுத்தார்கள். அன்று முதல் நரை விழுந்த நாள்வரை அவன் பவனியில் முட்டுக்கம்புதான்.

பிழைப்புக்கு அவன் கல்லறைத் தோட்டத்து எலெக்ட்ரீஷியன். ஒவ்வொரு கல்லறை மீதும் எரிகிற சின்ன மின்விளக்கைப் பார்த்துக்கொள்வது வேலை. பல்பு அணைந்தால் செத்தவர்கள் புகார் சொல்வதில்லை. ஆனால் அவர்களுடைய மருமகள்கள் சொல்வார்கள். "எங்க மாமியார் ரெண்டு நாளா இருட்டுல கிடக்கா, உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று பேக்கரி வாசலிலேயே மடக்குவார்கள். உயிரோடிருந்தபோது அதே மாமியாரின் அறையில் இவர்கள் பல்பு மாற்றியதில்லை என்பது ஒரோன்சோவுக்குத் தெரியும். வாயைத் திறக்க மாட்டான்.

அவன் வாயைத் திறக்கிற இடம் ஒன்றே ஒன்று. பழைய புகையிலைக் கிடங்குக்குப் பின்னால், இலை உலர்த்துகிற களத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் கார் பந்தயம் நடக்கும். சுற்றுவட்டார ஊர்களிலிருந்தெல்லாம் வயசான ஆட்கள் முழங்கால் அளவுக் கார்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அங்கே ஓட்டுகிறவன் ஒரு மேடைமீது ஏறி நிற்பான். மேடைமீது எல்லோரும் உயரம்தான். ஒரோன்சோ அங்கே ராஜா. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவே உட்கார்ந்து, விசையை எவ்வளவு இழுத்தால் எவ்வளவு வேகம் என்று முடிவு செய்கிற கண்ட்ரோலர் பெட்டியை அவனைப்போல மடக்கிப் பழக்குகிறவன் அந்த மாவட்டத்தில் கிடையாது. "உன் காரு கிளம்புறப்ப, என் பொண்டாட்டி பால் பாத்திரத்தை அடுப்புலேருந்து எடுக்கிற மாதிரி இருக்குய்யா. ஒரு சொட்டு அலும்பல," என்று ஒருவன் சொன்னதை அவன் வீட்டுக்கு வந்து மனைவி செசாரியாவிடம் சொன்னான்.

"அவன் பொண்டாட்டிக்காவது பால் பாத்திரம் எடுக்கத் தெரியுது. என் புருஷனுக்குப் பொம்மைக் காருதான் தெரியுது," என்றாள் அவள்.

ஊரில் இளவட்டங்கள் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சிய தூக்கிகளுக்கு ஒருவருக்கு இடுப்பு, ஒருவருக்குக் குடலிறக்கம், ஒருவருக்கு இரண்டும். ஒரு வருஷம் புனிதர் பாதி வழியில் மருந்துக்கடை வாசலில் இறக்கி வைக்கப்பட்டார். தூக்கியவர்கள் உள்ளே போய் ஆளுக்கொரு களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு வந்து மறுபடி தூக்கினார்கள். சபைக் கூட்டம் கூடியது.

சபைத் தலைவர் பந்தாலேயோ ஊரின் கசாப்புக்கடைக்காரர். கதவு நிலைக்குக் குனிந்து போகிற உயரம். "டிராக்டர்ல வச்சு இழுத்துரலாம்னு சிலபேரு சொல்றாங்க," என்று அவர் ஆரம்பித்தார்.

"புனிதரென்ன உருளைக்கிழங்கா?" என்றது கூட்டம்.

அப்போது கடைசி வரிசையில் ஒரோன்சோ எழுந்து நின்றான். எழுந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. நாற்காலிமீது ஏறினான்.

"அண்ணே, பாரம் புனிதருதில்ல. அவரு காகிதக்கூழு, உள்ள வெறும் கூடு. ரெண்டு பேரு தூக்கிருவோம். பாரமெல்லாம் அவரு நிக்கிற அந்தக் கருவாலி மரப் பலகைதான். பலகையை விட்டுட்டு ஒரு லேசான சட்டம் அடிச்சு, நாலு சக்கரம் போட்டு, என் காரு மோட்டாரைப் பல்சக்கரம் கூட்டி மாட்டினா, அவரே போவாரு. கீழ சுத்திப் பட்டுத்துணி கட்டிட்டா சக்கரம் தெரியாது. மிதந்து போற மாதிரி இருக்கும்."

கூடம் சிரித்தது. பந்தாலேயோ சிரிக்கவில்லை. அவருக்கு இடுப்பு, குடலிறக்கம் இரண்டும்.

"குலுங்குவாரா?"

"என் கையில இருந்தா குலுங்க மாட்டாரு."

"உனக்கென்ன வேணும்?"

ஒரோன்சோ சுவரிலிருந்த பலகையைப் பார்த்தான். "சால்வை."

கூடம் சிரிப்பதை நிறுத்தியது. பந்தாலேயோ வெகுநேரம் மோவாயைத் தேய்த்தார். "புனிதரு வெளிய போயி ஊரைச் சுத்தி, மானம் மரியாதையோட கோயிலுக்குள்ள திரும்பி வந்துட்டா நீ தூக்கி. பலகை கிலகை பார்க்க மாட்டோம். வரலைன்னா, சாகுற வரைக்கும் முட்டுக்கம்பு. அந்தப் பொம்மைக் காரை நானே கொத்துற கட்டையில வச்சுக் கொத்துவேன்."

வெல்டர் சட்டம் அடித்துக் கொடுத்தார். கல்லறைத் தோட்டத்து நடுப்பாதையில், சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே, உரமூட்டையைப் புனிதராக வைத்து ஒரோன்சோ ஒத்திகை பார்த்தான். கண்ட்ரோலரில் கிளம்பும் வேகத்தை ஆக மென்மையாக வைத்தான். மூட்டைமீது தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைத்து ஓட்டினான். சொட்டு சிந்தவில்லை. பூ வைக்க வந்த விதவைகள் நின்று பார்த்துவிட்டு, உரமூட்டைக்கே சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள்.

திருவிழா அன்று பவனி அத்தனை அழகாக நடந்தது. தலையில் மகுடமும் கையில் சுத்தியலுமாகப் புனித எலீஜியோ சிவப்புப் பட்டுக்குமேல் மிதந்து வந்தார். கருங்கல் பாவிய தெருவில் வழக்கமாக அவர் தலை ஆடும். அந்த வருஷம் ஆடவில்லை. மீன்கடை நுன்சியா, ஊரிலேயே பெரிய தொண்டை அவளுக்குத்தான், வாய்விட்டு அழுதாள். "முதல் தடவையா அவரு நம்மள நேராப் பார்க்கிறாருடீ!" பத்தடி பின்னால், முட்டுக்கம்புக்குப் பதில் ரிமோட்டைப் பிடித்தபடி ஒரோன்சோ நடந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை. சால்வை எந்தப் பெட்டியில் இருக்கிறது, அதைச் செசாரியா எவ்வளவு மடித்துத் தைக்க வேண்டியிருக்கும் என்று யோசித்தபடியே வந்தான்.

பவனி கோயில் வாசலுக்கு வந்தது.

கம்போசால்தோவில் புனிதர் ஊருக்கு முதுகு காட்ட மாட்டார். வாசலில் திரும்பி, மக்களைப் பார்த்தபடியே, பின்னோக்கித்தான் கோயிலுக்குள் போவார். சதுக்கம் முழுக்கக் கைக்குட்டை ஆட, மணியடிக்க, பேண்டு வாசிக்க, அவர் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டுக்குள் மறைய வேண்டும். மகுடம் வாசல் நிலையைத் தாண்டியதும் பங்குச்சாமியார் வெள்ளைக் கைக்குட்டையைத் தலைக்குமேல் சுழற்றுவார். ஒலிவந்தோப்பில் காத்திருக்கிற வேட்டுக்காரன் அதைப் பார்த்து வாணத்துக்குத் தீ வைப்பான். ஊரில் கைக்குழந்தைக்கும் இது தெரியும்.

ஒரோன்சோ புனிதரை அழகாகத் திருப்பினான். விசையைப் பின்னால் தள்ளினான். புனிதர் அசையவில்லை. விட்டுவிட்டு மறுபடி தள்ளினான். அசையவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினான். புனிதர் இன்னும் அழுத்தமாக நின்றார்.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

ரிமோட் கார் பந்தயத்தில் ரிவர்ஸ் கூடாது. தடத்தில் ஒருவன் பின்னால் வந்தால் வருகிறவன் எல்லாம் மோதிச் சிதறுவான். அதனால் எந்தப் பந்தயக்காரனும் கண்ட்ரோலர் வாங்கின கையோடு முதல் வேலையாக ரிவர்ஸை நிறுத்திவிடுவான். பிறகு விசையைப் பின்னால் தள்ளினால் பிரேக்தான். ஒரோன்சோ ரிவர்ஸ் என்ற ஒன்று இருப்பதையே மறந்து எத்தனையோ வருஷம். புனிதர் பின்னோக்கிப் போவார் என்பது அவனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அது ஆட்கள் காலால் நடப்பது. ரிவர்ஸ் என்பது கார் சமாச்சாரம். இரண்டும் அவன் மண்டையில் வேறு வேறு அறையில் கிடந்தன. நடுவில் கதவு இல்லை.

பந்தாலேயோ உதட்டை அசைக்காமல் கேட்டார். "என்னடா?"

"ரிவர்ஸ் ஆஃப்ல இருக்குண்ணே."

"எவன் ஆஃப் பண்ணான்?"

"நான்தான்."

"எதுக்கு?"

"பின்னால வர்றவன் மேல மோதக்கூடாதுல்ல."

பந்தாலேயோ புனிதருக்குப் பின்னால் பார்த்தார். காலிக் கோயில். "எவன்டா வர்றான் பின்னால?"

பேண்டு அதே பாட்டை மூன்றாவது முறை ஆரம்பித்தது. "தூக்கி உள்ள வச்சிரலாம்," என்றார் ஒரு தூக்கி. புனிதரைச் சட்டத்தோடு போல்ட்டு போட்டு இறுக்கியிருந்தது, சட்டத்தில் பிடிக்க இடமில்லை. தூக்கவே வேண்டாம் என்பதற்காகத்தானே செய்தது. "முகத்தைத் திருப்பி உள்ள ஓட்டிரு," என்றார் இன்னொருவர். சொன்னவரை எல்லோரும் பார்த்த பார்வையில் அவர் கழுத்தைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

பங்குச்சாமியார் தோன் இப்பாசியோ படித்தவர். ஒரு வழி கண்டுபிடித்தார். "மக்களெல்லாம் முதல்ல கோயிலுக்குள்ள போயிரட்டும். அப்புறம் அவரு நேரா உள்ள வந்தாலும் முகம் மக்களைப் பார்த்துத்தானே இருக்கும்?"

"நல்லாச் சொன்னீங்க சாமி!" என்றாள் நுன்சியா. "வீட்டுக்காரரு வாசல்ல நிக்க, விருந்தாளியெல்லாம் உள்ள போய் உக்காந்துக்கிறதா? நான் நகர மாட்டேன். நாளைக்கு மீனும் இங்கயே விப்பேன்." சதுக்கம் நகரவில்லை.

வேறு வழியில்லாமல் ஒரோன்சோ பட்டுத்துணிக்குள் தலையை விட்டுத் தவழ்ந்து போனான்.

கண்ட்ரோலர் பெட்டியைப் பழக்குகிற முறை இதுதான். அதிலிருக்கிற குட்டிப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட வேண்டும். மோட்டார் 'கீ' என்று சத்தம் கொடுக்கும். ஒரு கீ என்றால் முதல் விஷயம், இரண்டு கீ இரண்டாவது. மூன்றில் விட்டால் கிளம்பும் வேகம். நான்கில் விட்டால் ரிவர்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பது. எண்ணிக்கொண்டே இருந்து, சரியான கீயில் விரலை எடுத்து, பிறகு பொத்தானை அமுக்கி அமுக்கி அதை மாற்ற வேண்டும். விளக்கும் மினுக்கும். ஆனால் பெட்டியை அவன் மாட்டியிருந்த லட்சணத்தில் விளக்கு புனிதரின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல் மட்டும் எட்டும். காதை நம்பித்தான் ஆக வேண்டும். வெளியே முப்பது பேர் பேண்டு, இரண்டு கோயில்மணி, ஓர் ஊர்.

"சத்தம் ஆகாது!" என்று துணிக்குள்ளிருந்து கத்தினான். "எல்லாரும் வாயை மூடச் சொல்லுங்க!"

தோன் இப்பாசியோ கையை உயர்த்தி அமைதி காட்டினார். யாரும் பார்க்கவில்லை. அவசரத்தில் பையிலிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் தலைக்குமேல் வீசினார்.

ஒலிவந்தோப்பில் வேட்டுக்காரன் தன் வேலையைச் செய்தான்.

வானம் வெடித்தது. வருஷம் முழுக்க ஊர் சேர்த்த வாணம் அத்தனையும், புனிதர் வாசலிலேயே நிற்க, மேலே பூத்துக் கொட்டியது. துணிக்குள் ஒரோன்சோ ஒரு கீயும் கேட்காமல், குத்துமதிப்பாக விரலை எடுத்து, குத்துமதிப்பாகப் பொத்தானை அமுக்கி, வெளியே வந்து, வண்டி ஓடுகிறதா என்று விசையை முன்பக்கமாகத் தொட்டுத்தான் பார்த்தான்.

அவன் மாற்றியது கிளம்பும் வேகத்தை. அதுவும் ஆக மூர்க்கமான வேகத்துக்கு. புனித எலீஜியோ சுத்தியலை ஓங்கியபடி முன்னோக்கி ஒரு பாய்ச்சல் பாய்ந்து, மேயரின் தொப்பைக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றார். மேயர் கோயில் பக்கமே வராதவர். போட்டோவுக்காக முன்வரிசையில் நின்றிருந்தார். அப்படியே இரண்டு முழங்காலும் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

"குடிதண்ணிக் குழாயை எப்ப போடுவேன்னு கேக்குறாருய்யா!" என்று நுன்சியா கூவினாள். சதுக்கம் கைதட்டியது.

பந்தாலேயோ கைதட்டவில்லை. அவர் ஒரோன்சோவின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். "மானம் மரியாதையோடன்னு சொன்னேன்."

"ஒரே ஒரு தடவைண்ணே. ஊரு பேசாம இருந்தாப் போதும். கும்பிட்டுக் கேக்குறேன்."

அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது. பந்தாலேயோ அதைப் பார்த்தார். காலரை விட்டார். திரும்பி, கடையில் எலும்பு வெட்டுகிறபோது மட்டும் வருகிற குரலில் சொன்னார். "அடுத்து எவன் மூச்சு விட்டாலும் அவனுக்கு இந்த வருஷம் தொத்திறைச்சி கிடையாது."

பேண்டு நின்றது. மணிக்காரன் கயிற்றைக் கட்டிப்பிடித்து நிறுத்தினான். தாய்மார்கள் குழந்தைகளின் வாயில் மார்பைத் திணித்தார்கள். கம்போசால்தோவில் அப்படியோர் அமைதியை யாரும் கேட்டதில்லை. அந்த அமைதிக்குள் ஒரு கார் அலறிக்கொண்டிருந்தது. வேட்டுச் சத்தத்தில் எழுந்துகொண்ட திருட்டு அலாரம்.

"எவன்டா அது?"

"அண்ணே... உங்க வேனுதான்."

பந்தாலேயோ சால்வை பறக்க ஓடினார். குடலிறக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடினார். அலாரம் நின்றது. திரும்பி வந்தார். யாரும் சிரிக்கவில்லை. தொத்திறைச்சி பயம்.

ஒரோன்சோ உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினான்.

கீ.

புனிதரின் உடம்பு வெறும் கூடு என்று ஒரோன்சோ சொன்னானல்லவா, மோட்டாரின் சத்தம் அதற்குள் ஏறி, நெஞ்சில் சுற்றி, திறந்த உதட்டின் வழியாக வெளியே வந்தது. சின்னக் குருவி ஒன்று புனிதருக்குள்ளிருந்து கூப்பிட்டது போலிருந்தது. சதுக்கம் முழுக்கச் சிலுவை போட்டுக்கொண்டது. "ஒண்ணு," என்றாள் நுன்சியா மெல்ல.

கீ கீ.

"ரெண்டு," என்றார்கள் இருபது பேர்.

கீ கீ கீ.

"மூணு!" என்றது சதுக்கம். ஒரோன்சோ அங்கேயே விரலை எடுத்து முதலில் அந்தக் கிளம்பும் வேகத்தை மென்மைக்குக் கொண்டுவந்தான். பிறகு அணைத்து, மறுபடி போட்டான். மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. ஊரே சேர்ந்து எண்ணியது. மேயர் முழங்காலிலிருந்தபடியே எண்ணினார். மூன்று. அடுத்து வந்ததை வலப்பக்கம் நான்கு என்றது. இடப்பக்கத்தில் ஒரு கிழவர், "அதுல ஒண்ணு என் விக்கல்," என்றார்.

"விரலை எடுக்காதடா!"

"எடுடா, நாலுதான்!"

"யோவ், விக்கலை எப்பய்யா விட்ட, முன்னாடியா பின்னாடியா?"

துணிக்குள்ளிருந்து ஒரோன்சோவின் குரல் வந்தது. "நாலுதான். எனக்கு விக்கல் தெரியும், மோட்டாரும் தெரியும்." விரலை எடுத்துவிட்டிருந்தான்.

வெளியே வந்தபோது அவன் சட்டையெல்லாம் கிரீஸ். புனிதரை மென்மையாகத் திருப்பி வாசலுக்கு நேராகக் கொண்டுவந்தான். விசையைப் பின்னால், பால் பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொட்டான்.

புனித எலீஜியோ, ஊரைப் பார்த்தபடியே, பின்னோக்கி நகர்ந்தார்.

மணிக்காரன் கயிற்றில் தொங்கினான். பேண்டு ஆளுக்கொரு பாட்டை வாசித்தது. வாணம் மிச்சமில்லாததால் தோன் இப்பாசியோ கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார். இருட்டுக்குள் மகுடம் மறைந்ததும் பந்தாலேயோ தன் தோளிலிருந்த சால்வையைக் கழற்றி ஒரோன்சோமீது போட்டார். அது அவன் கணுக்காலைத் தொட்டது. "மானம் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. ஆனா உள்ள வந்துட்டாரு," என்றார்.

அடுத்த வருஷம் ஒரோன்சோ மடித்துத் தைத்த சால்வையோடு வந்தான். ரிவர்ஸை முன்கூட்டியே சரியாக வைத்து, பலமுறை சோதித்திருந்தான். புனிதர் வாசலில் திரும்பினார், தயங்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனார். வாணம் வெடித்தது. ஒரு குற்றம் சொல்ல முடியாது.

யாரும் கலையவில்லை. சதுக்கம் அப்படியே நின்றது.

"எங்கய்யா குருவி?" என்றாள் நுன்சியா.

"என்ன குருவி?"

"நாங்க எண்ண வேணாமா? போன வருஷம் எண்ணினோம். என் தங்கச்சிக்கு மூட்டுவலி போச்சு. விக்கல்காரருக்கு விக்கலே நின்னுபோச்சு. இந்த வருஷம் ஜெர்மனிலேருந்து பிள்ளைங்க எல்லாம் லீவு போட்டு எண்ணுறதுக்குன்னே வந்திருக்காங்க. நீ பாட்டுக்கு அவரை நேரா உள்ள அனுப்பிட்ட!"

மேயரும் முழங்காலுக்கு அடியில் வைக்க ஒரு மெத்தை கொண்டுவந்திருந்தார். பந்தாலேயோ ஒரோன்சோவைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ தூக்கி. தூக்கிக்குக் கடமை இருக்கு. ஊரு கேக்குறதைச் செய்யணும்." புனிதரை மறுபடி வெளியே கொண்டுவந்து, ரிவர்ஸை அணைத்து, பிறகு ஊர் எண்ண எண்ணப் போட்டு, உள்ளே அனுப்பிய பிறகுதான் ஜனம் சாப்பிடப் போனது.

அதிலிருந்து இதுதான் வழக்கம். சபை அதற்கென்று ஒரு பாட்டுகூட அமைத்திருக்கிறது. நான்காவது எண்ணுக்கு முன்னால் விக்கல் எடுக்க வேண்டியவரையும் நியமித்திருக்கிறது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் முந்தின நாள் சாயங்காலம், ஒரோன்சோ சால்வையை ஆணியில் மாட்டிவிட்டு, கண்ட்ரோலரின் முன் உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு ரிவர்ஸை நிறுத்துவான். பிறகு விசையைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்ப்பான். புனிதரின் சட்டம் அசையாமல் நிற்கும்.

செசாரியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "சரியாக் கெட்டுருக்கா?"

"நல்லாக் கெட்டுருக்கு," என்பான் அவன், நிம்மதியாக.